பழைய தலைவர் படங்களில் ஓவியம்: தகரம், கண்ணாடிச் சட்டம், போஸ்டர், பிளக்ஸ் – எது தேறும்?

வாக்கு எண்ணி முடிந்து இரண்டு வாரம் ஆனால் போதும், கன்னியாகுமரி மாவட்டத்தில் கோட்டாறிலிருந்து களியக்காவிளை வரை ஆக்கர் (பழைய பொருள்) கடைகளில் தலைவர்களின் முகங்கள் வந்து இறங்கிவிடும். 2021 ஏப்ரலில் சட்டமன்றத் தேர்தலோடு கன்னியாகுமரி மக்களவை இடைத்தேர்தலும் ஒரே நாளில் நடந்தது. 2024 ஏப்ரலில் மக்களவைத் தேர்தலோடு விளவங்கோடு சட்டமன்ற இடைத்தேர்தல். இரண்டு முறையும் இந்த மாவட்டத்துச் சுவர்களுக்கும் முச்சந்திகளுக்கும் இரட்டை வேலை. வேலை முடிந்த படங்களை வாங்கி, அதன்மேல் புதிதாக ஓவியம் செய்ய நினைப்பவர்களுக்காக இந்த மதிப்பீடு. பழைய கடைகளில் கிடைக்கும் நான்கு வகைப் படங்களையும், அவற்றின்மேல் போட நாகர்கோவில் பெயிண்ட் கடைகளில் விற்கும் பிரைமர் (அடிப்பூச்சு), வார்னிஷ் (மேல்பூச்சு) வகைகளையும் எடுத்துக்கொண்டோம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். எல்லாரும் முதலில் கைவைப்பது பிளக்ஸில். சும்மா கிடைப்பதும் அதுதான், ஏமாற்றுவதும் அதுதான். கண்ணில் பட்டால் விடக்கூடாதது கையால் வரைந்த தகரப் பலகை. யாரும் திரும்பிப் பார்க்காதது, ஆனால் குறைந்த செலவில் மிகச் சிறந்த பலன் தருவது, அலுவலகச் சுவரிலிருந்து இறங்கிய கண்ணாடிச் சட்டப் படம். யாருடைய முகம் என்று பார்த்து வாங்காதீர்கள். எதன்மேல் இருக்கிறது, எந்த மையில் இருக்கிறது என்று பார்த்து வாங்குங்கள். ஓவியம் இரண்டு வருஷம் நிற்குமா இருபது வருஷம் நிற்குமா என்பதை அதுதான் தீர்மானிக்கும்.

தகரப் பலகை

பிளக்ஸ் வருவதற்கு முன்னால் விளம்பர ஓவியர்கள் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய) தகரத்தில் சிந்தடிக் எனாமல் கொண்டு வரைந்தவை இவை. காமராஜர் 1969 இடைத்தேர்தலிலும் 1971 பொதுத்தேர்தலிலும் நாகர்கோவில் மக்களவைத் தொகுதியில் நின்று வென்றவர். 1956 நவம்பர் 1-ஆம் தேதி இந்த மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்ததற்கு முன்னின்றவர் மார்ஷல் நேசமணி. பூதப்பாண்டியில் பிறந்த ஜீவாவும் உண்டு. இப்படிப்பட்ட முகங்கள் உள்ள பலகைகள் மன்றங்களின் பின்கட்டிலும், சில வேளை கோழிக்கூட்டுக் கூரையாகவும் கிடக்கும். பிளக்ஸில் முகம் வெறும் புள்ளிகள். தகரத்தில் ஒரு மனிதரின் கை தெரியும்: கன்னத்தில் இளஞ்சிவப்பை ஈரத்தோடு ஈரமாக இழுத்த தடம், மூக்கு நுனியில் ஒரே தட்டலில் வைத்த வெள்ளை. இதை முழுக்க மூடி வேறு படம் வரைவதைப்போல வீண் வேலை வேறில்லை.

வாங்கும் முன் பலகையைத் திருப்பிப் பாருங்கள். முன்பக்கம் பளபளவென்று இருந்தாலும் பின்பக்கம் துரு பொரிந்திருந்தால், விரலால் தட்டும்போது மந்தமான சத்தம் வரும் இடங்களில் தகரம் உள்ளுக்குள் தின்னப்பட்டிருக்கும். குளச்சல், முட்டம், மணக்குடி என்று கடலோர ஊர்களிலிருந்து வரும் பலகைகளில் ஆணித் துளைகளைச் சுற்றித்தான் முதலில் போகும். துளைகளைச் சுற்றி ஒரு அங்குலம் வரை துரு இருந்தால் பரவாயில்லை. நடுமுகத்தில் இருந்தால் வேண்டாம்.

பெயிண்ட் தாளாக உரிந்து வருகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். எனாமலில் உள்ள எண்ணெய், ஜி.ஐ. தகரத்தின் துத்தநாகப் பூச்சோடு வருஷக்கணக்கில் வினைபுரிந்து, இடையில் சோப்பு மாதிரி ஒரு படலத்தை உண்டாக்கும். அதன் பிறகு மேலே உள்ள பெயிண்டுக்குப் பிடிமானம் கிடையாது. அன்றைக்கே சரியான மெட்டல் பிரைமர் அடித்துவிட்டு வரைந்த பலகை இன்றும் கல்லாக இருக்கும், அடிக்காதது செதில் செதிலாக வரும். செதில் வரும் பலகையில் புதிதாக எதைப் பூசினாலும் பழைய பெயிண்டோடு சேர்ந்து அதுவும் விழும்.

சுத்தம் செய்வதில் ஒரு கண்டிப்பு. உலர்ந்த எமரித் தாள் போட்டுத் தேய்க்கவே கூடாது. வீட்டு உபயோக, அலங்காரப் பெயிண்டுகளில் ஈயம் 90 பி.பி.எம்.மை (பத்து லட்சத்தில் 90 பங்கை) தாண்டக்கூடாது என்ற விதி 2017 நவம்பர் 1-ஆம் தேதிதான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எனாமல்களில் ஈயம் இருக்கும் என்று வைத்துக்கொண்டே வேலை செய்ய வேண்டும். 400 நம்பர் வாட்டர் பேப்பர் (ஈரத்தில் தேய்க்கும் உப்புத்தாள்), வாளித் தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம், கையில் உறை. பளபளப்பு மங்கும் அளவுக்கு மட்டும் ஈரத்தோடு தேய்த்து, வழியும் சேற்றைப் பழைய நாளிதழில் ஒற்றி எடுத்துக் கட்டிவைக்க வேண்டும். முற்றத்தில் கழுவி விடாதீர்கள். இந்த ஊரில் முற்றத்துக்குப் பக்கத்தில்தான் கிணறு.

துரு உள்ள இடத்தைக் கம்பிப் பிரஷால் சுரண்டி, பாஸ்பாரிக் அமிலம் கலந்த துருமாற்றித் திரவத்தைத் தடவி, ஒரு முழு நாள் விட்டு, அந்த இடத்தில் மட்டும் மெட்டல் பிரைமர். முகம் முழுக்கப் பிரைமர் அடித்துவிட்டால் தகரம் வாங்கியதற்கே பொருளில்லை.

மேலே போட எது நல்லது? அதே வகை எனாமல்தான், டர்பன்டைனில் இளக்கி. ஸ்ப்ரே டப்பாவைத் தொடாதீர்கள். டப்பாக்களில் பெரும்பாலானவை லாக்கர் (தின்னரில் கரைத்த, சட்டென்று காயும் பூச்சு) வகை. அதன் தின்னர் பழைய எனாமலுக்குள் இறங்கி அதை ஊதவைத்து, பத்து நிமிஷத்தில் முகம் முழுக்கச் சுருக்கம் விழவைத்துவிடும். விழுந்த சுருக்கத்தைச் சரிசெய்ய வழியே இல்லை, சுரண்டி எடுக்கத்தான் வேண்டும். அக்ரிலிக்தான் கைக்குப் பழக்கம் என்பவர்கள், தேய்த்த பரப்பில் தண்ணீரில் கரையும் பாண்டிங் பிரைமரை (வழவழப்பான பரப்பிலும் பிடிக்கும் அடிப்பூச்சு) வேண்டிய இடத்தில் மட்டும் மெல்லிசாக இழுத்து, அதன்மேல் போடலாம்.

முகத்தில் ஒரு பகுதியை அப்படியே காப்பாற்றி, சுற்றிலும் புதுநிறம் போட மாவட்டத்திலேயே கிடைக்கும் ஒரு பொருளைப்போல எதுவும் வராது: ரப்பர் பால். ஓவியக் கடைகளில் சின்னக் குப்பியில் விலைக்கு விற்கும் மாஸ்கிங் திரவத்தின் அடிப்படையும் இதுதான். பால்வெட்டிய அன்றே அமோனியா சேர்த்து உறையாமல் வைத்த பாலை, குலசேகரம், அருமனை, பேச்சிப்பாறைப் பக்கம் தோட்டக்காரர்களிடம் கேட்டால் ஒரு குப்பி கிடைக்கும். துணியில் வடிகட்டி, பழைய பிரஷை முதலில் சோப்புத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு, கண்களின் மேல் தடவுங்கள். சோப்பில் நனைக்காத பிரஷ் முதல் முக்கிலேயே ரப்பராகிப் போகும். வெள்ளையாகப் போனது அரைமணி, முக்கால்மணியில் கண்ணாடிபோலத் தெளியும். தெளிந்தால் காய்ந்துவிட்டது என்று பொருள். மேலே நிறம் போட்டு, நிறம் காய்ந்ததும் ஒட்டுப்பால் (காய்ந்து உறைந்த ரப்பர் பால்) உருண்டையை ஓரத்தில் வைத்து உருட்டினால், தோல் சுருண்டு எழும்பி ஒரே இழுப்பில் வந்துவிடும். அடியில் பழைய ஓவியர் வைத்த கண் அப்படியே நிற்கும். ஒரு நாளுக்குமேல் விடாதீர்கள், வெயிலிலும் வைக்காதீர்கள். பழுப்பேறிப் பிசுபிசுத்துப் போனால் உரிக்கும்போது பெயிண்டும் சேர்ந்து வரும். போஸ்டர் தாளில் இந்த வேலை ஆகாது. தாளைக் கிழித்துக்கொண்டு வரும்.

பலகையின் கீழ்மூலையில் ஓவியரின் பெயரோ, 'ஆர்ட்ஸ்' என்று முடியும் கடைப்பெயரோ இருக்கும். அதை மூடக்கூடாது. மரியாதை ஒரு காரணம், சட்டம் இன்னொன்று. 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57-ஆம் பிரிவு, படைப்பை விற்றுவிட்ட பிறகும், தன் பெயருக்குக் கேடு வரும்படி அதைச் சிதைத்தால் தட்டிக்கேட்கும் உரிமையை ஓவியருக்கு வைத்திருக்கிறது. விக்யான் பவன் சுவர்ச் சிற்பத்தைப் பெயர்த்தெடுத்த வழக்கில் அமர்நாத் சேகலுக்கு டெல்லி உயர்நீதிமன்றம் 2005-இல் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது இந்தப் பிரிவை வைத்துத்தான். பலகையில் பெயர் போட்டவர் உயிரோடு இருந்தால், பெரும்பாலும் பக்கத்து ஊரில்தான் இருப்பார். போய்ப் பார்த்துச் சம்மதம் கேளுங்கள். அவர் எந்த பிரைமர் அடித்தார் என்பதையும் அப்படியே கேட்டுக்கொள்ளலாம், பாதி வேலை குறையும்.

எங்கள் மதிப்பெண் பத்துக்கு ஒன்பது. ஒன்று குறைந்தது ஈயத்துக்காக.

கண்ணாடிச் சட்டப் படம்

ஆட்சி மாறினால் அலுவலகச் சுவரில் படம் மாறும். இறங்கிய படம் கண்டம் பண்ணி (இனி ஆகாது என்று கழித்து) ஏலத்துக்கு வரும்வரை பீரோவுக்குப் பின்னால் இருக்கும். ஏலத்தில் எடுத்தவரிடம் வாங்குங்கள், அலுவலகத்தில் யாரிடமும் நேரடியாகக் கேட்டு வாங்க வேண்டாம். அது அரசாங்கப் பொருள். கட்சி அலுவலகம், சங்கம், கல்யாண மண்டபம் ஆகியவற்றின் படங்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

இதில் உங்களுக்குக் கிடைப்பது மூன்று பொருள்: மரச்சட்டம், 2 அல்லது 3 மில்லிமீட்டர் கண்ணாடி, புகைப்படம். மூன்றுமே வேலைக்கு ஆகும். ஆனால் இந்த மாவட்டத்துக்கே உரிய ஒரு கோளாறு உண்டு. ஆனி, ஆடிச் சாரலும் ஐப்பசி, கார்த்திகை மழையும் இரண்டுமே இங்கே பெய்வதால், சட்டத்துக்குள் ஈரம் புகுந்து புகைப்படத்தின் ஜெலட்டின் பூச்சு கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். சாய்த்துப் பார்த்தால் ஒட்டிய இடம் மட்டும் நனைந்ததுபோல் கருத்துத் தெரியும். பின்பலகையைக் கழற்றிவிட்டுப் படத்தை இழுத்தீர்களானால் முகத்தின் பாதி கண்ணாடியிலும் பாதி தாளிலுமாகப் போகும்.

முதலில் அது லேபில் கழுவிய படமா, இங்க்ஜெட் பிரிண்டா என்று பாருங்கள். ஒட்டாத ஓரத்தில் ஈர விரலை வைத்து எடுத்தால் இங்க்ஜெட் சாயம் விரலில் வரும். லேப் படமானால் கண்ணாடியோடு சேர்த்தே ஒரு தட்டில் சுத்தமான, அறைவெப்பத் தண்ணீரில் அமிழ்த்தி வையுங்கள். ஜெலட்டின் ஊறி நெகிழ அரைமணியும் ஆகலாம், நாலைந்து மணியும் ஆகலாம். தானாக நழுவ வேண்டும், நெம்பக் கூடாது. இங்க்ஜெட் என்றால் பிரிக்கும் எண்ணத்தையே விட்டுவிடுங்கள். ஒட்டிய திட்டை ஓவியத்தின் பகுதியாகவே எடுத்துக்கொள்ள வேண்டியதுதான், அதுவும் அழகாகவே இருக்கும்.

நாங்கள் சிபாரிசு செய்யும் முறை, புகைப்படத்தைத் தொடாமல் கண்ணாடியின் உட்புறத்தில் வரைவது. தஞ்சாவூர்க் கண்ணாடி ஓவியர்களின் வழிதான். வரிசை தலைகீழ் என்பதை மறக்கக்கூடாது: கோடுகளும் வெளிச்சப் புள்ளிகளும் முதலில், பிறகு நிறம், கடைசியில் பின்னணி. கண்ணாடியை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, கைரேகை படாமல் ஓரத்தைப் பிடித்து, எனாமலிலோ கண்ணாடிப் பெயிண்டிலோ வரைந்து நான்கு நாள் காயவிட வேண்டும். பிறகு கண்ணாடிக்கும் படத்துக்கும் இடையில் நான்கு ஓரமும் 5 மில்லிமீட்டர் மவுண்ட் போர்டு (கெட்டி அட்டை) பட்டை வைத்துச் சட்டத்தில் பொருத்துங்கள். இந்த இடைவெளிதான் உயிர். நடந்துகொண்டே பார்த்தால் வரைந்த கோடு முகத்தின்மேல் நகரும், அதன் நிழல் கன்னத்தில் விழும். இடைவெளி விடாமல் வைத்தால் அடுத்த மழைக்காலத்தில் பெயிண்டும் படமும் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும்.

பின்பலகை ஹார்டுபோர்டைப் புதிதாக மாற்றிவிடுங்கள், கரையான் அதில்தான் வரும். பத்துக்கு எட்டரை.

போஸ்டர்

சுவரில் வருஷக்கணக்காக ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிய போஸ்டர்கள் கனமான அடையாக உரிந்து வரும். அதைக் கிழித்துக் கிழித்தே படம் உண்டாக்கும் முறைக்குப் பழைய வழித்தடம் இருக்கிறது. பாரிஸில் ரேமோன் ஹேன்சும் ஜாக் வில்லேக்லேயும் 1949-இலேயே தெருச் சுவரொட்டிகளைக் கிழித்தெடுத்து ஓவியமாக வைக்கத் தொடங்கிவிட்டார்கள். நம் ஊர்ப் போஸ்டரின் நிறமும் எழுத்தும் அவர்களுடையதைவிட வலுவானவை. ஆனால் தாள் வலு கம்மி.

தேர்தல் அறிவித்ததும் அரசுக் கட்டடங்களில் உள்ளவற்றை 24 மணி நேரத்திலும், பேருந்து நிலையம் போன்ற பொது இடங்களில் 48 மணி நேரத்திலும், தனியார் இடங்களில் அனுமதியில்லாமல் உள்ளவற்றை 72 மணி நேரத்திலும் அகற்றவேண்டும் என்பது தேர்தல் ஆணையத்தின் விதி. அகற்றும் ஊழியர்கள் குவித்துப் போடும் அடைகளைக் கேட்டு வாங்குவது நல்லது. சுவரில் நிற்பதை உரிக்க வேண்டுமானால் சுவர்க்காரரின் சம்மதம் வேண்டும்.

வெதுவெதுப்பான தண்ணீரைத் தெளித்துப் பதினைந்து நிமிஷம் விட்டு, அகலப் பட்டித்தகட்டைச் சுவரோடு சாய்த்துச் செலுத்தினால் சுண்ணாம்புத் தோலோடு வரும். அந்தச் சுண்ணாம்பை எடுக்காதீர்கள், பின்பக்கத்துக்கு அதுவே பலம். மைதாப் பசையில் பூச்சி வராமல் இருக்க மயில்துத்தம் சேர்ப்பது வழக்கம். கையுறை போடாமல் தொட வேண்டாம், ஈரக் கையைக் கண்ணில் வைக்க வேண்டாம். நாளிதழ்களுக்கு நடுவில் கனம் வைத்து உலர்த்தி, 6 மில்லிமீட்டர் பிளைவுட்டில் வெள்ளைப் பசை ஒரு பங்குக்குத் தண்ணீர் அரைப் பங்கு சேர்த்து ஒட்ட வேண்டும். கிழிக்கும் வேலை அடை பாதி ஈரமாக இருக்கும்போதுதான் நடக்கும். முழு ஈரத்தில் கூழாகும், முழுக்கக் காய்ந்தால் துண்டாக உடையும்.

போஸ்டரின் அடியில் அச்சகத்தின் பெயரும் முகவரியும் இருக்கும். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவு தேர்தல் போஸ்டரில் அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. எந்த ஊரில் அச்சானது என்பதற்கு வேறு சான்று வேண்டாம், அந்த வரியைக் காப்பாற்றுங்கள். குறை என்னவென்றால் ஆயுள். மலிவுத் தாள் பழுப்பேறியே தீரும், மைதா இருக்கும்வரை பூஞ்சையும் வரும். பத்துக்கு ஆறு.

பிளக்ஸ்

இதற்குத்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இதில்தான் அதிகம் கெடுகிறது.

பிளக்ஸ் என்பது பாலியெஸ்டர் நூல்வலையின் இருபுறமும் பி.வி.சி. பூசிய விரிப்பு. பேனருக்கு வழக்கமாக ஓடுவது 280 ஜி.எஸ்.எம்., அதாவது சதுர மீட்டருக்கு 280 கிராம். பத்துக்கு எட்டு அடி பேனர் ஏறக்குறைய 7.4 சதுர மீட்டர், எடை இரண்டு கிலோவுக்குச் சற்று மேல். பி.வி.சி.யை வளைய வைப்பது அதில் கலந்த பிளாஸ்டிசைசர் என்ற எண்ணெய்த்தன்மையுள்ள பொருள். அது ஒரே இடத்தில் நிற்காது, மெல்ல மெல்ல மேற்பரப்புக்குக் கசிந்துகொண்டே இருக்கும். பிளக்ஸில் வரும் கோளாறுகளில் முக்கால்வாசிக்கு இந்தக் கசிவுதான் காரணம்.

எனாமல் அடித்தால், பிளாஸ்டிசைசர் அதற்குள் ஏறி அதைக் கடைசிவரை காயவிடாது. ஆறு மாதம் கழித்துத் தொட்டாலும் விரல் ஒட்டும், தூசியெல்லாம் அதில் போய் உட்காரும். பிளைவுட்டில் ரப்பர் கம் வைத்து ஒட்டினாலும் இதே கதை: பசை இளகி, நடுவில் கொப்புளம் எழும்பும். வெள்ளைப் பசைக்கு பி.வி.சி.யில் பிடிப்பே கிடையாது.

வாங்கும்போது ஒரு மூலையை மடித்து நகத்தால் அழுத்தி இழுங்கள். மடிப்பில் பூச்சு வெடித்து வெள்ளை நூல் தெரிந்தால் வெயில் அதை முடித்துவிட்டது, எதற்கும் ஆகாது. 100 மைக்ரானுக்குக் குறைந்த பி.வி.சி. பேனர்களுக்கு 2022 ஜூலை 1 முதல் தடை இருக்கிறது. அதற்கு முந்தைய மெல்லிய சரக்கு குவியலில் இன்னும் கிடக்கும், அதையும் ஒதுக்குங்கள். நல்ல பிளக்ஸுக்கு உங்களோடு போட்டி போடுபவர் வேறு ஓவியர் அல்ல, விறகுக்கும் செங்கல்லுக்கும் மூடுதுணி தேடுகிறவர். அவருக்கு முன்னால் போய்விட வேண்டும்.

கழுவ, லிட்டர் தண்ணீருக்கு ஒரு டீஸ்பூன் பாத்திரத் திரவம், மெல்லிய ஸ்பாஞ்ச். பின்பக்கம் கரும்புள்ளியாகப் பூஞ்சை இருந்தால் பிளீச்சிங் திரவம் ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர், பத்து நிமிஷம், பிறகு நன்றாக அலசி நிழலில் ஒரு நாள். காய்ந்ததும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் துணியால் ஒரு முறை துடைத்து, 400 நம்பர் பேப்பரால் மினுக்கம் போகும் அளவுக்கு லேசாகத் தேய்க்க வேண்டும். மேலே கசிந்து நிற்கும் எண்ணெயைத் துடைக்காமல் பூசியது எதுவும் நிற்காது.

பிரைமரில் கடைகளில் மூன்று வகை காட்டுவார்கள். சுவருக்கு அடிக்கும் வாட்டர் பிரைமர் மலிவு. அதில் சுண்ணப்பொடி அதிகம், பிடிபொருள் குறைவு. சுருட்டிய அன்றே வெடிக்கும், வேண்டாம். ஓவியக் கடையில் விற்கும் ஜெஸ்ஸோ என்ற வெள்ளை அடிப்பூச்சு கான்வாஸில் அருமையாக இருக்கும். பிளக்ஸில் நேரடியாகப் போட்டால் வளைக்கும்போது தோலாக உரியும். வாங்க வேண்டியது, டப்பாவிலேயே பி.வி.சி.க்கு ஆகும் என்று அச்சிட்டிருக்கும் தண்ணீர்வகை பாண்டிங் பிரைமர். விலை கூடுதல்தான். முதல் பூச்சுக்கு மட்டும் பத்தில் ஒரு பங்கு தண்ணீர், ஸ்பாஞ்ச் ரோலரில் மெல்லிசாக. இரண்டாவது பூச்சு தண்ணீர் சேர்க்காமல், தை முதல் சித்திரை வரை என்றால் நான்கு மணி கழித்து, மழைக்காலத்தில் மறுநாள். பிறகு மூன்று நாள் விட வேண்டும்.

மூன்றாம் நாள் ஒரு சோதனை செய்யாமல் ஓவியத்தைத் தொடங்காதீர்கள். ஓரத்தில் பிளேடால் 2 மில்லிமீட்டர் இடைவெளியில் ஆறு கோடு கீறி, குறுக்கே ஆறு கோடு கீறினால் 25 கட்டம் வரும். அகல செல்லோ டேப்பை அழுத்தி ஒட்டி, சாய்வாக ஒரே வேகத்தில் இழுங்கள். டேப்பில் ஓரத் தூள் மட்டும் வந்தால் தொடரலாம். முழுக் கட்டங்கள் வந்தால் எல்லாவற்றையும் உரித்துவிட்டுத் துடைப்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

பெயிண்டே போடாமல் பிளக்ஸைப் பயன்படுத்தும் வழிகள் இரண்டு இருக்கின்றன, எங்களுக்கு அவைதான் பிடித்தவை. ஒன்று, அழிப்பது. அச்சு சால்வென்ட் மையில் இருப்பதால் என்.சி. தின்னரில் (லாக்கரை இளக்கும் திரவம்) நனைத்த பஞ்சால் தொட்டால் மை கரைந்து வரும். முகத்தைச் சுற்றி எல்லாவற்றையும் அழித்து, பேச வாயெடுத்த உதடுகளை மட்டும் விடலாம். கூட்டத்தை மட்டும் விட்டுவிட்டுத் தலைவரை அழிக்கலாம். ஒரே இடத்தில் இரண்டு மூன்று துடைப்புக்கு மேல் போனால் பி.வி.சி. இளகிச் சொரசொரக்கும். வெளி முற்றத்தில், நைட்ரைல் உறையோடு, அடுப்பும் பீடியும் இல்லாத இடத்தில் மட்டும்.

இரண்டாவது, பின்னுவது. வியட்நாமில் பிறந்த டின் கியூ லே கோரைப்பாய் பின்னும் முறையில் புகைப்படங்களைப் பட்டையாக வெட்டிப் பின்னிப் பேர்பெற்றவர். ஓலைப்பாயும் கடவமும் (ஓலைப்பெட்டி) முடையத் தெரிந்தவர்கள் இருக்கும் இந்த மாவட்டத்தில் அதற்குப் பயிற்சியாளரைத் தேடி அலைய வேண்டாம். இரண்டு பேனர், 2 சென்டிமீட்டர் பட்டைகள். 90-க்கு 120 சென்டிமீட்டர் படத்துக்கு நெடுக்கே 45, குறுக்கே 60, ஆக 105 பட்டை. ஒவ்வொரு பட்டையும் இரு முனையிலும் 5 சென்டிமீட்டர் நீளமாக இருக்கட்டும். வெட்டியவுடன் பின்பக்கத்தில் எண் எழுதிவிடுங்கள். வரிசை கலைந்தால் முகம் திரும்ப வராது. எதிரெதிர்க் கட்சித் தலைவர்களைத்தான் எல்லாரும் பின்னப் பார்க்கிறார்கள். அதைவிட, ஒரே தலைவரின் புதுப் பேனரையும் வெயிலில் மஞ்சளும் சிவப்பும் வெளுத்து நீலம் மட்டும் மிஞ்சிய பழைய பேனரையும் பின்னினால் கண் அதிக நேரம் நிற்கிறது. ஓரத்தில் நூல் பிரிகிறதென்று தீக்குச்சியோ சால்டரிங் அயர்னோ வைக்காதீர்கள். பி.வி.சி. எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வரும், நெஞ்சைப் பிடிக்கும். கத்தி மழுங்கினால்தான் நூல் பிரியும், பிளேடை அடிக்கடி மாற்றுங்கள்.

சட்டத்தில் இழுத்துக் கட்டுவதை உச்சி வெயில் நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். காலைக் குளிரில் விறைப்பாகக் கட்டிய பிளக்ஸ் மத்தியானம் தொய்யும். சூட்டில் கட்டியது ராத்திரி இன்னும் இறுகும். ஒன்றரைக்கு ஒரு அங்குல ரீப்பர் (மரப்பட்டை), மூன்று அடிக்கு மேல் போனால் நடுவில் குறுக்குக் கட்டை. நான்கு பக்கமும் நடுவிலிருந்து மூலையை நோக்கி, 4 சென்டிமீட்டருக்கு ஒரு ஸ்டேபிள். சுருட்டிவைக்க வேண்டுமானால் பெயிண்ட் வெளிப்பக்கம் இருக்கும்படி, 4 அங்குலக் குழாயின்மேல்.

பெயிண்ட் போடும் வேலைக்கு பிளக்ஸ் பத்துக்கு ஐந்து. அழிக்கவும் பின்னவும் என்றால் எட்டு.

வார்னிஷ், சம்மதம், தொங்கவிடுதல்

வார்னிஷில் தண்ணீர்வகை அக்ரிலிக் மேட் ஒன்றே நான்குக்கும் பொது. என்.சி. கிளியர் லாக்கர் மழைநாளில் அடித்தால் காற்றின் ஈரம் உள்ளே சிக்கிப் பால்போல் வெளுக்கும். பளபளக்கும் 'கிளாஸ்' (gloss) வகை இந்த ஊர்ப் புழுக்கத்தில் லேசாக ஒட்டிக்கொண்டே இருக்கும், இரண்டு ஓவியங்களை முகத்தோடு முகம் அடுக்கினால் பிரிக்க முடியாது. பப்பிள் ராப்பை நேரடியாகச் சுற்றினால் வட்டம் வட்டமாகத் தடம் விழும். சிலிகான் பூசிய தாள் ஒன்று இடையில் வேண்டும்.

பேனரில் தேசியக்கொடியோ அரசு முத்திரையோ அச்சாகியிருந்தால் அந்தப் பகுதியை வெட்டாமல், கிழிக்காமல், அழிக்காமல் தனியாக எடுத்து வையுங்கள். கொடிக்கு 1971-ஆம் வருஷச் சட்டமும், முத்திரைக்கு 2005-ஆம் வருஷச் சட்டமும் இருக்கின்றன. முகத்தில் செருப்பு, மீசை, கொம்பு வரைவதைக் கலையென்று நாங்கள் எண்ணுவதில்லை. அந்தப் படத்துக்கு மாலை போட்டவர்கள் இந்த ஊரில்தான் இருக்கிறார்கள், அவர்களும் வந்து நின்று பார்க்கும்படிதான் வேலை இருக்க வேண்டும். கம்பத்தில் நிற்கும் பேனரை அவிழ்க்காதீர்கள். கட்டியவரிடம் கேளுங்கள், தேர்தல் முடிந்தபின் இறக்கிக்கொண்டு போகச் சொல்லித்தான் அனுப்புவார்.

முடிந்த ஓவியத்தைத் தெருவுக்கு மேலே, சாலையோரத்தில் தொங்கவிடுவது வேண்டவே வேண்டாம். 2019 செப்டம்பர் 12-ஆம் தேதி சென்னை பள்ளிக்கரணையில் பேனர் விழுந்து ஒரு இளம்பெண்ணின் உயிர் போனது. அந்தப் பொருளைத்தான் நாம் கையில் எடுத்திருக்கிறோம். நான்கு சுவருக்குள்ளேயே மாட்டுங்கள். தகரப் பலகைக்கு நான்கு மூலையிலும் ஸ்டெயின்லெஸ் திருகு, சுவருக்கும் தகரத்துக்கும் நடுவில் ஒரு சென்டிமீட்டர் ரப்பர் வாஷர். கடலுக்குப் பக்கத்து வீடானால் சாதாரண இரும்புத் திருகு இரண்டு மழைக்குள் துரு வடித்து, கீழே வரைந்த சட்டைக் காலரில் கோடு இறக்கிவிடும்.